தாயின் நாழிகைக் கணக்கு

சங்கத்தின் பேரேட்டைத் திறந்து பார்த்தால் எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கும். எத்தனை மூட்டை சாமை வந்தது, எத்தனை கிலோ புளி வந்தது, எத்தனை பாவுக்கு நூல் கொடுக்கப்பட்டது, எத்தனை சேலை நெய்து திரும்பியது, யாருக்கு எவ்வளவு கடன், எவ்வளவு வட்டி என்பன யாவும் காசு பிசகாமல் எழுதப்பட்டிருக்கும். ஆனால் அந்தச் சாமையைக் குத்தியும், அந்தப் புளியை உடைத்தும், அந்த நூலைத் தாரில் சுற்றியும், இவ்வளவுக்கும் இடையே இரண்டு மூன்று சிறு குழந்தைகளை வளர்த்தும் வரும் தாயின் நேரத்துக்கு அப்பேரேட்டில் ஒரு பத்திகூட இல்லை.

நம் முன்னோர் ஒரு பகலும் இரவும் சேர்ந்த பொழுதை அறுபது நாழிகையாகப் பகுத்தனர். நாழிகை ஒன்றுக்கு 24 நிமிடம். இந்த அறுபது நாழிகை செல்வருக்கும் வறியவருக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. கடன் வாங்கி நிலத்தைப் பெருக்கலாம். நூல் வாங்கித் தறியைப் பெருக்கலாம். நாழிகையைப் பெருக்க எந்த வங்கியும் கடன் தருவதில்லை. ஆகையால் ஒரு குடும்பத்தில் மிக அருமையான பொருள் எதுவெனில், சிறு குழந்தைகளையுடைய தாயின் நேரமே எனலாம். அதைக் குறித்து நம் அங்கத்தினர் சிறிது எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலையும் மக்களும்

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் அது பரந்து கிடக்கிறது. மலையின் நடுநாயகமான ஊர் ஜமுனாமரத்தூர். இம்மலையில் வாழ்வோரில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். மலையை ஆள்வோர் என்னும் பொருளில் அமைந்த இப்பெயருக்கும் கேரள நாட்டுக்கும் தொடர்பில்லை. இவர்கள் தமிழ் பேசும் மக்கள். காஞ்சிபுரத்திலிருந்து தம் முன்னோர் மலையேறி வந்தனர் என்பது இவர்களிடையே வழங்கும் மரபு.

சாமை இம்மலையின் தனிப்பயிர். கேழ்வரகு, தினை, கொள்ளு ஆகியவையும் விளைகின்றன. காட்டிலிருந்து தேனும் புளியும் கிடைக்கின்றன. பலாவும் சீதாவும் பருவந்தோறும் பழுக்கின்றன. காவலூரில் 1986ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் 2.34 மீட்டர் தொலைநோக்கி, எட்டாத் தொலைவிலுள்ள விண்மீன்களை அளந்து சொல்கிறது. அதே மலையின் சிற்றூர்களில் ஒரு தாய்க்கு ஒரு நாளில் எத்தனை நாழிகை ஓய்வு கிடைக்கிறது என்பதை அளந்து சொல்வார் இல்லை.

ஒரு நாளின் போக்கு

மலையூர்களில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை ஒன்றும், பள்ளி செல்லும் வயதில் ஒன்றிரண்டும் உடைய ஒரு தாயின் நாள் எவ்வாறு கழிகிறது என்று பார்ப்போம். இது ஒரு வீட்டின் கதையன்று. பல வீடுகளுக்குப் பொதுவானது.

பொழுது விடியுமுன் எழுகிறாள். வாசல் பெருக்கிச் சாணம் தெளிக்கிறாள். ஆடுமாடுகளை அவிழ்க்கிறாள். குழாய் வந்துவிட்ட ஊரில் தண்ணீர் வேலை குறைந்துவிட்டது; வராத சிற்றூரில் ஊற்றுக்கோ கைப்பம்புக்கோ குடத்துடன் பலமுறை நடக்க வேண்டும். அடுப்பு மூட்டி, கூழோ சோறோ ஆக்குகிறாள். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறாள். பள்ளி செல்லும் பிள்ளைகளுக்குத் தலை வாரி அனுப்புகிறாள். அதன்பின் களை எடுக்கவோ கதிர் அறுக்கவோ காட்டுக்குப் போகிறாள். குழந்தையை இடுப்பில் எடுத்துச் சென்று மரக்கிளையில் தூளி கட்டி இடுகிறாள். அது அழும்போது களைக்கொத்து கீழே விழுகிறது. அது உறங்கும்போது மீண்டும் கையில் ஏறுகிறது. மாலையில் திரும்பும்போது தலையில் விறகுக் கட்டு. வந்தவுடன் மறுபடியும் தண்ணீர், அடுப்பு, மாட்டுக்குத் தீனி. பிள்ளைகள் உறங்கிய பிறகு புளி உடைப்பதோ தானியம் புடைப்பதோ எஞ்சி நிற்கும்.

இவ்வேலைகளில் எது ‘வேலை’ என்று கேட்டால், களை எடுத்ததை மட்டுமே வீட்டார் சொல்வர். ஏனையவை ‘வீட்டிலே சும்மா இருப்பது’ என்னும் கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. நாளெல்லாம் ஓயாத ஒருத்தியைச் ‘சும்மா இருக்கிறாள்’ என்று சொல்லும் வழக்கு மலையிலும் உண்டு; சமவெளியிலும் உண்டு.

அளந்தவர்கள் கண்டது

இந்திய அரசு 2024ஆம் ஆண்டில் மக்கள் தம் நேரத்தை எவ்வாறு செலவிடுகின்றனர் என்பதைக் கணக்கெடுத்தது. ஆறு வயதுக்கு மேற்பட்டோரில், ஊதியமின்றி வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரி 289 நிமிடம் செலவிடுகின்றனர். அவ்வேலையில் கைவைக்கும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடம். நாழிகையாகச் சொன்னால் பெண்ணுக்குப் பன்னிரண்டு. ஆணுக்கு நான்குக்கும் குறைவு. குழந்தைகளையும் முதியோரையும் நோயுற்றோரையும் பேணும் பணியில் ஈடுபடும் பெண்ணுக்கு 137 நிமிடமும், ஆணுக்கு 75 நிமிடமும் செல்கின்றன.

இக்கணக்கு நாடு முழுவதற்கும் எடுத்த சராசரி. எரிவாயு அடுப்பும் மாவரைக்கும் பொறியும் உள்ள நகரத்து வீடும் இதில் அடக்கம். விறகும் உரலும் குடமும் உள்ள மலைவீட்டில் இந்த எண் குறைந்திருக்க வழியில்லை.

உரலும் அரிசியும்

இங்கே உழவர் சங்கத்தார் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மலையில் விளையும் சாமை மலையிலேயே அடுப்பிலிருந்து மெல்ல விலகியது ஏன்? நெல்லரிசிச் சோற்றின் மேல் மக்களுக்கு ஆசை பிறந்தது என்பர் சிலர். நியாய விலைக் கடையில் அரிசி எளிதாகக் கிடைக்கிறது என்பர் வேறு சிலர். இரண்டும் உண்மையே. ஆனால் இவ்விரண்டுக்கும் அடியில் மூன்றாவது காரணம் ஒன்று இருக்கிறது. அதுதான் உரல்.

சாமை மிகச் சிறிய மணி. ஆயிரம் மணிகளை எண்ணி நிறுத்தாலும் இரண்டு மூன்று கிராமே தேறும். அதன் உமியைப் போக்க முதலில் நன்றாகக் காயவைக்க வேண்டும். உரலிலிட்டு உலக்கையால் குத்த வேண்டும். முறத்தில் புடைக்க வேண்டும். உமி நீங்காததை மீண்டும் குத்திப் புடைக்க வேண்டும். பிறகு கல் நோம்ப வேண்டும். ஒரு வேளைச் சோற்றுக்கு இவ்வளவும் பெண்ணின் தோளும் கையும் செய்தாக வேண்டும். கடையிலிருந்து வந்த அரிசியோ கழுவி உலையிலிட்டால் சோறாகிறது. கைக்குழந்தை அழும் வீட்டில் தாய் எதைத் தேர்ந்தெடுப்பாள்? அவள் நாவின் சுவைக்காக அரிசிக்கு மாறவில்லை. நாழிகையை மிச்சப்படுத்தவே மாறினாள்.

இதே மலையாளி மக்கள் வாழும் நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் இது தெளிவாக உணரப்பட்டது. அங்கே சிறுதானிய நிலங்கள் மரவள்ளிக்கு மாறிவந்தன. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் அங்குப் பணிசெய்தபோது, நல்ல விதையும் நல்ல விலையும் மட்டும் போதா, குத்தும் பாடு குறைய வேண்டும் என்று கண்டு, ஊர்க் குழுக்களின் பொறுப்பில் சிறு அரவை ஆலைகளை ஏற்படுத்தினர். உரலிலிருந்து பெண்ணுக்கு விடுதலை கிடைத்த இடத்தில்தான் தானியம் மீண்டும் அடுப்பேற வழி பிறந்தது.

ஜவ்வாது மலையிலும் அண்மை ஆண்டுகளில் பழங்குடி உழவர்களின் உற்பத்தியாளர் நிறுவனமும் சாமையைப் பதப்படுத்தும் ஆலையும் தோன்றியுள்ளன. 2023ஆம் ஆண்டு உலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்ட பிறகு, சாமைக்கு நகரத்தில் மதிப்பும் கூடியிருக்கிறது. இது மகிழத்தக்கதே. ஆயினும் விளைந்த சாமை முழுவதும் மூட்டையாக மலையிறங்கி, விளைவித்தவன் வீட்டுக் குழந்தைக்கு அதில் ஒரு பிடியும் கிட்டாது போனால் அம்மகிழ்ச்சி அரைகுறையே. ஆலை தொலைவில் இருந்து, சோற்றுக்கான சாமையைத் தாயே தலையில் சுமந்து நடக்க வேண்டுமாயின், உரலின் சுமை நடையின் சுமையாக மாறியதன்றி வேறு பயனில்லை. விற்பனைக்குப் பெரிய ஆலை ஓரிடத்தில் இருக்கட்டும். வீட்டுத் தேவைக்குச் சிறு பொறிகள் சில சிற்றூர்களுக்கு நடுவே ஒன்று என்ற முறையில் அமையட்டும். தவிட்டை முற்றும் நீக்கி வெளுக்கச் செய்தால் சத்தும் உடன் போய்விடும் என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

குழந்தையின் சிறு வயிறு

தாயின் நேரம் குறைந்தால் முதலில் இழப்பது யார்? அவள் இழப்பது ஓய்வை. குழந்தை இழப்பது உணவை.

பிறந்து ஆறு மாதம் வரை தாய்ப்பால் ஒன்றே போதும், தண்ணீரும் வேண்டுவதில்லை. ஆறு மாதம் முதல் எட்டு மாதம் வரை தாய்ப்பாலோடு நாளைக்கு இரண்டு மூன்று முறையும், ஒன்பது மாதம் முதல் இரண்டு வயது நிரம்பும் வரை மூன்று நான்கு முறையும் மசித்த உணவு ஊட்ட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. குழந்தையின் வயிறு சிறிது; ஒரே வேளையில் நிறைய ஊட்டி ஈடுசெய்ய இயலாது. காலையில் ஊட்டிவிட்டுக் காட்டுக்குச் சென்று மாலையில் திரும்பும் தாய், வீட்டில் உணவே இருந்தாலும், இந்த மூன்று நான்கு முறையை எவ்வாறு நிறைவேற்றுவாள்? வறுமையினால் மட்டுமன்றி, ஊட்ட ஆளில்லாமையாலும் குழந்தை மெலிகிறது.

தமிழ்நாட்டில் இரண்டு வயது நிரம்பிய குழந்தைகளுக்கு அங்கன்வாடி உண்டு. 1975ஆம் ஆண்டு தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணியும், 1982ஆம் ஆண்டு தொடங்கிய சத்துணவுத் திட்டமும் தாய்மாரின் நண்பகல் கவலையைப் பெரிதும் குறைத்தன. 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பெற்று, மறு ஆண்டு அரசு தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிவடைந்த காலை உணவுத் திட்டம், விடியற்காலை அடுப்பின் நெருக்கடியையும் தளர்த்தியது. எஞ்சி நிற்பது ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடைப்பட்ட பருவம். சத்துமாவு வீட்டுக்கு வருகிறது. அதைக் கரைத்து ஊட்டும் கை நண்பகலில் வீட்டில் இல்லை.

அந்தக் கையாக யார் அமைகிறார்கள்? பெரும்பாலும் ஏழெட்டு வயதுடைய மூத்த மகள். தம்பியையோ தங்கையையோ இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கும் அச்சிறுமியை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். ‘அக்காள் இருக்கிறாளே’ என்று வீடு அமைதி கொள்கிறது. அறுவடை மாதத்தில் அவள் பள்ளிக்கு வராத நாட்கள் பெருகுகின்றன. வராத நாட்கள் பெருகினால் பாடம் விட்டுப்போகிறது. பாடம் விட்டுப்போனால் பள்ளியே விட்டுப்போகிறது. இம்மலையில் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் பல உள்ளன. பள்ளி இருந்தும் சிறுமி வராமைக்குத் தூளியில் கிடக்கும் தம்பியே காரணம் என்றால், பள்ளிக்குச் செய்த செலவும் பயனற்றதாகிறது.

ஆண்மகன் வெளியூர் சென்றால்

மானாவாரி நிலம் ஆண்டு முழுவதும் வேலை தராது. ஆகையால் மலையாடவர் பலர் பருவந்தோறும் வெளியூர்க் கூலிக்குச் செல்கின்றனர். அப்போது வீட்டின் முழுப் பாரமும் ஒருத்தி தோளில் விழுகிறது. மாட்டையும் நிலத்தையும் கடனையும் குழந்தைகளையும் அவளே பார்க்கிறாள்.

இப்போக்குக்குக் கொடிய முடிவு நேர்ந்ததும் உண்டு. 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்துச் சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று கூறி அம்மாநிலக் காவல்துறையினர் சுட்டதில் 20 பேர் மாண்டனர். அவர்கள் தமிழ்நாட்டினர், திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்தோர் அவர்களில் மிகப் பலர். அந்நிகழ்ச்சியின் நியாய அநியாயங்களை நாடே விவாதித்தது. நாம் இங்குக் கருத வேண்டியது, சிறு குழந்தைகளோடு தனித்து விடப்பட்ட தாய்மாரையே. மலையிலேயே பிழைக்க வழியிருந்தால் அந்த ஆடவர் இறங்கியிருக்க மாட்டார்கள். தாய் உழைத்து ஈட்டும் நாட்கள் கூடினால் வெளியூர்க் கூலியை நம்பும் நாட்கள் ஓரளவேனும் குறையும். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு குடும்ப வருவாயோடு இணைந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

தறி வீட்டிலும் இதே நிலை

மலையிலிருந்து இறங்கினால் ஆரணி. பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். உழவர் வீட்டைப் பற்றிச் சொன்னதெல்லாம் நெசவாளர் வீட்டுக்கும் பொருந்தும். 2019-20ஆம் ஆண்டில் எடுத்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கின்படி, நாட்டில் நெய்வோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 72 பேர் பெண்கள். அன்றியும் தறியில் அமர்பவர் ஆணாயினும், நூல் இழைத்தல், தார் சுற்றுதல், பாவுக்கு உதவுதல் ஆகிய முன்வேலைகள் பெண்களின் கையில்தான் இருக்கின்றன. இராட்டையைக் கை சுற்ற, தூளிக் கயிற்றைக் கால் இழுக்க, அடுப்பைக் கண் பார்க்கும் காட்சி நெசவாளர் தெருவுக்குப் புதிதன்று.

ஒரு சேலைக்குக் கூலி இவ்வளவு என்று நாம் தருகிறோம். அக்கூலிக்குள் தறியில் அமர்ந்தவரின் உழைப்பும் தார் சுற்றியவளின் உழைப்பும் அடங்கியிருக்கின்றன. பதிவேட்டில் ஏறுவதோ ஒரே பெயர். குழந்தை காய்ச்சலில் கிடந்தால் தார் நிற்கும். தார் நின்றால் நாடா நிற்கும். நாடா நின்றால் சேலை குறித்த நாளில் சங்கத்துக்கு வராது. இதை அறியாத காரியதரிசி எவரும் இருக்க முடியாது.

சட்டம் கண்ட தாயும் காணாத தாயும்

வேலைக்குச் செல்லும் தாயைப் பற்றி நாட்டின் சட்டங்கள் எண்ணாமல் இல்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமும் 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமும், குறிப்பிட்ட தொகைக்கு மேல் பெண்கள் வேலை செய்யும் இடங்களில் குழந்தைக் காப்பகம் அமைக்க முதலாளிமாரைக் கடமைப்படுத்தின. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்திலும், பணியிடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐவரோ அதற்கு மேலோ இருந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நியமிக்க வேண்டும் என்று எழுதப்பட்டது.

இவையெல்லாம் முதலாளி அல்லது அரசு வேலை கொடுக்கும் தாய்க்கு உரியவை. சொந்தக் காட்டில் களை எடுக்கும் தாய்க்கும், சொந்த வீட்டில் தார் சுற்றும் தாய்க்கும் முதலாளி யார்? ஒருவரும் இல்லை. அவளுக்காக யாரைச் சட்டம் கடமைப்படுத்தும்? அந்த இடம் வெற்றிடமாக இருக்கிறது. முதலாளி இல்லாதவர்கள் ஒன்றுகூடித் தமக்குத் தாமே முதலாளியாக அமைவதுதான் கூட்டுறவு. ஆகவே அவ்வெற்றிடத்தை நிரப்பும் தகுதி சங்கத்துக்கு உண்டு.

பிறர் செய்து காட்டியவை

1969ஆம் ஆண்டு டில்லியில் காந்தியடிகள் நூற்றாண்டு விழாவுக்கான கட்டட வேலை நடந்தபோது, கல் சுமக்கும் பெண்களின் குழந்தைகள் புழுதியில் கிடந்ததை மீரா மகாதேவன் அம்மையார் கண்டார். அங்கேயே ஒரு கூடாரத்தில் குழந்தைக் காப்பகம் தொடங்கினார். அது வளர்ந்து ‘மொபைல் கிரெஷஸ்’ என்னும் நிறுவனமாயிற்று.

அகமதாபாத்தில் 1972ஆம் ஆண்டு தோன்றிய ‘சேவா’ என்னும் சுயதொழில் பெண்கள் சங்கம், குழந்தைப் பராமரிப்பையே தொழிலாகக் கொண்ட பெண்களின் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தது. ‘சங்கினி’ என்பது அதன் பெயர். குழந்தை வளர்ப்பும் கூட்டுறவு முறையில் நடத்தத்தக்கது என்பதற்கு அது கண்கூடான சான்று.

நம் மலைக்கு மிக நெருங்கிய உதாரணம் சத்தீஸ்கர் மாநிலத்தில் கிடைக்கிறது. பிலாஸ்பூர் மாவட்டத்துக் கனியாரியில் உள்ள ‘ஜன ஸ்வாஸ்த்ய சகயோக்’ என்னும் மருத்துவ அமைப்பு, காடு சூழ்ந்த பழங்குடி ஊர்களில் 2006ஆம் ஆண்டு முதல் ‘புல்வாரி’ எனப்படும் காப்பகங்களைத் தொடங்கியது. புல்வாரி என்றால் பூந்தோட்டம். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை ஊர்ப்பெண்ணே பகலில் பார்த்துக்கொண்டு, வேளைக்கு வேளை உணவூட்டுகிறாள். குழந்தை தேறியது; தாய் கவலையின்றிக் காட்டுக்குச் சென்றாள்; மூத்த பிள்ளை பள்ளிக்குச் சென்றது. ஒரே ஏற்பாட்டில் மூன்று நன்மை. பின்னர் அம்மாநில அரசும் சர்குஜா பகுதியில், தாய்மாரே முறைவைத்துக் கவனிக்கும் புல்வாரிகளை நடத்த முன்வந்தது.

நம் சங்கம் செய்யத்தக்கது

பெரிய கட்டடமும் பெரிய நிதியும் வந்த பிறகே தொடங்கலாம் என்று காத்திருக்க வேண்டுவதில்லை. ‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்பது உழவர் வாக்கு. ஆடியை ஒட்டி விதைக்கும் சாமை ஏறத்தாழ மூன்று மாதத்தில் கதிர் முற்றும். களையெடுப்புக் காலமும் அறுவடைக் காலமுமே தாய்க்கு மிக நெருக்கடியான காலம். முதலாண்டில் அவ்விரு காலத்துக்கு மட்டும் காப்பகம் நடத்திப் பார்க்கலாம்.

ஒரு சிற்றூரில் ஆறு தாய்மார் சேர்கிறார்கள் என்று கொள்வோம். வாரத்தில் ஆறு நாள் வேலை. நாளைக்கு இருவர் வீதம் முறைவைத்துக் குழந்தைகளைப் பார்க்கின்றனர். அப்படியானால் ஒவ்வொருத்திக்கும் வாரத்தில் இரண்டு நாள் காப்பகப் பணி. நான்கு நாள் கவலையற்ற காட்டுவேலை. ஆறு குடும்பங்களுக்கும் சேர்த்து வாரத்துக்கு 24 நாள் இடையறாத உழைப்பு கிட்டுகிறது. கூலி நிலவரத்தை வைத்து இதன் மதிப்பை அவரவர் ஊரிலேயே பெருக்கிப் பார்க்கலாம்.

இடத்துக்கு ஓடு வேய்ந்த ஒரு கூடம் போதும். அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் குழந்தைகள் எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். கொதித்து ஆறிய நீர், கை கழுவச் சோப்பு, படுக்கத் துப்புரவான துணி ஆகியவை இன்றியமையாதவை. காய்ச்சல் வயிற்றுப்போக்குள்ள குழந்தையை அன்று மற்றவற்றோடு சேர்க்கலாகாது. கேழ்வரகுக் கூழ், பருப்பு சேர்த்துக் குழைய வேகவைத்த சாமைச் சோறு, கீரை மசியல், முட்டை, கனிந்த வாழை ஆகியன போதிய உணவாகும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். தேன் நம் மலையின் செல்வமேயாயினும், ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு அதை நாவில் தடவுவதும் ஆகாது. சிசுவின் குடலில் நஞ்சாகக் கூடிய நுண்கிருமி விதை அதில் இருக்கக்கூடும் என்று மருத்துவர் எச்சரிக்கின்றனர்.

செலவுக்குச் சங்க விதிகள் இடங்கொடுக்கும் அளவில் நிகர இலாபத்திலிருந்து பொது நல நிதிக்கு ஒதுக்கலாம். அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறுவடையில் ஒரு படி தானியம் அளிக்கலாம். அங்கன்வாடியோடு இணைந்த காப்பகங்களுக்கு 2022ஆம் ஆண்டு முதல் ‘பால்னா’ என்னும் மத்திய அரசுத் திட்டம் வகை செய்திருக்கிறது. அதற்கும் சங்கத்தின் வாயிலாக விண்ணப்பிக்கலாம்.

இரண்டு ஆட்சேபங்கள்

‘வீட்டில் பாட்டி இருக்கிறாளே, காப்பகம் எதற்கு?’ என்பர் சிலர். பாட்டியின் அனுபவம் பெரிது, அதை மறுப்பாரில்லை. ஆயினும் மலைநாட்டுப் பாட்டி வீட்டில் அமர்ந்திருப்பவள் அல்லள். அவளும் ஆடு மேய்க்கிறாள், விறகு சேர்க்கிறாள். இருவர் மூவர் பாட்டிமாரின் அனுபவம் காப்பகத்தில் சேர்ந்தால் ஊர்க் குழந்தைகள் யாவருக்கும் பயன்படும். முதியவளுக்கும் அது மதிப்பான பணியாக அமையும்.

‘இது பெண்கள் விவகாரம்; சங்கம் ஏன் தலையிட வேண்டும்?’ என்பது மற்றோர் ஆட்சேபம். சாமை வரத்துக் குறைந்தால் சங்கம் தலையிடுகிறது. சேலை தாமதித்தால் சங்கம் தலையிடுகிறது. அவை குறைவதற்கும் தாமதிப்பதற்கும் காரணமானதில் மட்டும் தலையிடலாகாது என்பது என்ன நியாயம்? இங்கு ஆடவர் அங்கத்தினருக்கு ஒரு சொல். குடம் ஆணின் தோளிலும் நிற்கும். தூளி ஆணின் கையாலும் ஆடும். சங்கம் பொறி வாங்கித் தருவதற்கு முன்பே, வீட்டுக்குள் மாற்றத்தக்கது கொஞ்சம் இருக்கிறது. நாளைக்கு இரண்டு நாழிகை வீட்டு வேலையை ஆண் ஏற்றுக்கொண்டால், சங்கத்துக்கு ஒரு காசும் செலவில்லாமல் தாய்க்கு ஒரு மாதத்தில் அறுபது நாழிகை, அதாவது ஒரு முழு நாள், மிச்சமாகும்.

ராச்டேல் காட்டிய வழி

1844ஆம் ஆண்டு டிசம்பர் 21 அன்று இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் நெசவூரில் 28 பேர் சேர்ந்து ஒரு கூட்டுறவுக் கடையைத் திறந்தனர். உலகக் கூட்டுறவு இயக்கம் அதைத் தன் முன்னோடியாகக் கொள்கிறது. அவர்களில் நெசவாளர் பலர். அவர்கள் முதலில் விற்ற பொருள் நூலுமன்று, தறியுமன்று. மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் ஓட்ஸ் நொய்யுமே. கலப்படமில்லாத உணவு தம் வீட்டுக்கு வரவேண்டும் என்று எண்ணியே தொடங்கினர். கூட்டுறவு பிறந்தது அடுப்பங்கரையின் தேவையிலிருந்து என்பதை நாம் மறந்துவிடலாகாது. நம் நாட்டில் 1970களில் பழங்குடிப் பகுதிகளுக்கென அமைக்கப்பட்ட பெரும் பலநோக்குச் சங்கங்களும், கடனையும் விதையையும் வீட்டுச் சாமானையும் விளைபொருள் விற்பனையையும் ஒரே இடத்தில் நடத்தவே உண்டாயின. உலகக் கூட்டுறவுக் கழகம் 1995ஆம் ஆண்டு வகுத்த ஏழு கொள்கைகளில் ஏழாவது, சமுதாயத்தின் பால் அக்கறை.

எனவே அடுத்த பேரவைக் கூட்டத்துக்கு முன் அங்கத்தினர் மூன்று காரியம் செய்யலாம். முதலாவது, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வாரம் தாயின் நாழிகைக் கணக்கை எழுதுவது. எழுதத் தெரியாத வீட்டில் பள்ளிப் பிள்ளை எழுதட்டும்; தண்ணீருக்கு எவ்வளவு, உரலுக்கு எவ்வளவு, விறகுக்கு எவ்வளவு என்று ஏடு சொல்லட்டும். இரண்டாவது, நிலம் கணவன் பெயரில் இருக்கிறது, தறி மாமனார் பெயரில் இருக்கிறது என்று ஒதுங்கி நிற்கும் பெண்களைச் சங்கத்தில் அங்கத்தினராகச் சேர்ப்பது. மூன்றாவது, சிற்றூருக்குச் சிறு அரவைப் பொறி, அறுவடைக் காலத்துக் காப்பகம் ஆகிய இரண்டையும் நிகழ்ச்சி நிரலில் ஏற்றி, சிறு குழந்தைகளையுடைய தாய்மாரே எழுந்து பேச வகை செய்வது.

கூட்டத்தைப் பிற்பகல் இரண்டு மணிக்கு வையுங்கள். அந்தி வேளையில் வைத்தால் அடுப்பு அவர்களை விடாது. வருகிற தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அன்று இருவரை ஏற்படுத்துங்கள். காப்பகத்தின் முதல் நாள் அதுவாகவே இருக்கட்டும்.